குரைத்தால் மீன் தலை

ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் மீன்கூடை வந்தாலே என் நாய் குரைக்கும். அதன் வாயை அடைக்க மீன்கார அக்கா ஒரு சங்கரா மீன் தலையை வீசுவார். குரைத்தால் மீன் கிடைக்கும் என்று புரிந்துகொண்டு நாள் முழுக்கக் குரைக்க ஆரம்பித்தது. மாதக் கடைசிக்குள் நாயை விரட்டு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அக்காவிடம் கெஞ்சினேன். "கொரைக்கும்போது போடாதக்கா. வாய மூடுனப்புறம் நானே குடுக்கறேன்."

"வாயில்லா ஜீவன் பசியில கத்திகினு கீது. இன்னா மனசுப்பா ஒனக்கு?"

ரெண்டு போடு போட்டால் அடங்கும் என்றது சந்து. எனக்கு அடிக்கக் கை வரவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே கிடந்தேன். குரைப்பு ஓயும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, வேகவைத்த மீன் துண்டை நீட்டினேன். நேற்று கூடை வந்தும் அது குரைக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை வீட்டுக்காரர் கெடுவை நினைவுபடுத்த வந்தார், கையில் மீன் பையோடு. நாய் குரைத்தது. நான் தடுப்பதற்குள் பைக்குள் கையை விட்டு ஒரு மத்தியை எடுத்து வீசினார். குரைப்பு நின்றது.

"பாத்தியா?" என்றார். "ஒனக்கு நாய் வளக்கவே தெரில."