கை காட்டிக் கொடுத்தது

ஓசூர் பஸ் நிலையத்தில் நான் ஆட்டோ ஓட்டுகிறேன். பர்மிட் இல்லாத வெள்ளை போர்டு பைக்கில், ஆப் வழியாக ஆள் ஏற்றுகிறார்களே என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஆத்திரம். ஒருவரையாவது கையும் களவுமாகப் பிடித்து ஆர்.டி.ஓ.விடம் ஒப்படைப்பது என்று முடிவானது. பயணி வேஷம் எனக்கு. காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, மூக்கண்டப்பள்ளிக்கு பைக் டாக்சி கூப்பிட்டேன். எங்கள் ஆட்கள் அங்கே காத்திருந்தார்கள்.

வண்டி ஓட்டி வந்தது ஒரு பெண். எனக்கு ஹெல்மெட் கொடுத்து, நான் வாரை மாட்டும்வரை பொறுத்திருந்து கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"அண்ணா, நீங்க ஆட்டோ ஓட்றவர்தானே?"

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"பின்னாடி உக்காந்துகினு ஒவ்வொரு வளைவுக்கும் கைய நீட்டறீங்களே."

"தெரிஞ்சும் எதுக்கு வர்றம்மா? அங்க புடிச்சிக் குடுக்கத்தான் நிக்கறாங்க."

"ஏத்துன ஆள பாதியில எறக்கிவிடக் கூடாதுண்ணா. புடிச்சிக் குடுத்தா, எங்களுக்கும் பர்மிட்டும் மஞ்ச போர்டும் குடுங்கன்னு அந்த ஆபீசர்கிட்டயே கேக்கறேன்."

கடைசி வளைவுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னும் எடம் வரலியேண்ணா."

"இதான் எடம்," என்று இறங்கி நடந்தேன்.

காத்திருந்தவர்களிடம் வண்டியே வரவில்லை, பஸ்ஸில் வந்தேன் என்று பொய் சொன்னேன். இப்போது ஸ்டாண்டில் பைக் டாக்சிக்குத் தடை கேட்கும் பேச்சு எழுந்தால், அவர்களுக்கும் பர்மிட் கொடுக்கட்டும் என்கிறேன். பர்மிட், பேட்ஜ் எல்லாம் வைத்திருக்கும் நான், மழைக்குப் பயந்து எத்தனை பேரைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன்.