செல்லம்மாவின் சிவப்பு அம்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு நின்றவன், ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி இன்று நல்லூரில் சொந்தப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன், துணியைத் தொட்டாலே அதில் என்ன குறை என்று சொல்லிவிடுவேன், என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும். நம்பினால் நம்புங்கள்.

செல்லம்மா என்னிடம் இருபது வருஷம் செக்கிங் பார்த்தவள். தூத்துக்குடிப் பக்கம், சொந்தம் என்று யாருமில்லை. பனியனில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். புற்றுநோய் முற்றி, இனி வைத்தியமில்லை என்றதும் பொங்கலூர்ப் பக்கம் கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் நான்தான் சேர்த்தேன். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன், போய்ப் பார்த்ததுதான் இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். கண் மூடியிருக்க, கைகள் மட்டும் போர்வையைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தன.

"நாலு நாளா இப்படித்தானுங்க, தூங்கவே மாட்டேங்கறாங்க," என்றாள் நர்ஸ்.

"அம்மிணி, நாந்தான் வந்திருக்கறேன்."

"மொதலாளியா? என்னையும் ரிஜெக்ட்ல போட்டுட்டியளோ?"

சுருக்கென்றது. "ஆரு சொன்னா? உன்ற சேர்ல இன்னும் ஒருத்தரையும் உக்கார உடுல."

பொய்தான். ஆனால் அவள் முகம் தெளிந்தது. வெறுங்கையை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க, இடது தோள்ல ஓட்டை. இதத் தூரப் போட்டுராதிய. சரியாயிரும்."

"பனியன் ஓட்டை எங்காச்சும் சரியாகுமா அம்மிணி?"

"ஆகும். வச்சிருங்க."

"செரி, வெச்சுக்கறேன்," என்று இல்லாத பனியனை இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் கைகள் நின்றன. நர்ஸின் கண்ணெதிரேயே செல்லம்மா தூங்கிப்போனாள். சாயங்காலம் உயிர் போய்விட்டது.

மறுநாள் கம்பெனியில் என்னவோ தோன்றி, அனுப்புவதற்காக டேப் ஒட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். மேலாக இருந்த பனியனின் இடது தோளில் மிளகளவு ஓட்டை. பக்கத்தில் சிவப்பு அம்பு. அவள் படுத்த பிறகு நாங்கள் மஞ்சள் ஸ்டிக்கருக்கு மாறி அப்போதே ஏழெட்டு மாதமாகியிருந்தது.

அன்றே அவள் சேரைக் காலி செய்யச் சொன்னேன், இன்றுவரை யாரும் உட்காரவில்லை. பனியனை பீரோவில் வைத்தேன், சாவி என் இடுப்பில்.

பனியன் துணியில் விழுந்த ஓட்டை பெரிதாகத்தான் ஆகும், நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். போன மாதம் எடுத்து விரித்தேன். அம்பு ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. அது காட்டும் இடத்தில் ஓட்டை இல்லை. தைத்த தடமும் இல்லை.