களிமண்ணுக்கு இருபத்தைந்து தட்டு

மார்ச் 4. மணல். ஈரத்துடன் 158.6 கிராம், காய்ந்தபின் 149.1. நீர் 9.5. சென்சார் காட்டியது 10.
மார்ச் 6. செம்மண். 161.8, 143.5. நீர் 18.3. சென்சார் 18.
மார்ச் 11. களிமண். 172.4, 150.2. நீர் 22.2. சென்சார் 31.

மூன்றும் நூறு கன சென்டிமீட்டர் கொள்ளும் இரும்பு வளையத்தில் எடுத்த மண். ஆகவே நீரின் கிராம் எத்தனையோ, அத்தனைதான் ஈரத்தின் சதவீதம். முதல் இரண்டு வரிகளும் சரி. மூன்றாவது வரி தராசம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் விற்கும் நிறுவனத்தின் பரிசோதனை அறையில் அவளுக்கு இருபத்தெட்டு வருட வேலை. வாளியில் மண்ணை நிரப்பி, அளந்து நீர் விட்டு, சென்சாரைச் செருகி, எந்த எண்ணுக்கு எவ்வளவு ஈரம் என்று அட்டவணை போடுவாள். அதை வைத்துத்தான் சென்சார் ஈரத்தைக் காட்டும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. எதையும் நிறுத்துப் பார்க்காமல் பேசமாட்டாள் என்பதால் வந்த பெயர்தான் தராசம்மா. "சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேட்டா நாளைக்குச் சொல்றேங்கிற ஆளு" என்பார் அவள் கணவர்.

மார்ச் 2 அன்று ஒரு புகார்க் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். நூற்று நாற்பது எலுமிச்சைக் கன்றுகள் வாடுகின்றன, சென்சார் குழாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். ஈரம் இருபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் சென்சார் குழாயைத் தானாகத் திறக்கும்.

"குழாய்ல அடைப்பா இருக்கும். விடுங்கம்மா," என்றார் மேலாளர். அவள் விடவில்லை. மணல் தோட்டம் ஒன்று, செம்மண் தோட்டம் ஒன்று பார்த்துவிட்டு, தூரம் என்று கடைசிக்குத் தள்ளியிருந்த டிரைவர் தோட்டத்துக்கு மார்ச் 10 அன்று வளையமும் சுத்தியலுமாகப் பஸ் ஏறினாள்.

டிரைவர் கன்றுகளைக் காட்டினார். இலைகள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன.

"செடி சாகுது, உங்க மெஷின் தண்ணி வேண்டாங்குது. ரெண்டுல யாரும்மா பொய் சொல்றது?"

"நீங்களே ஊத்த வேண்டியதுதானே?"

"கையால ஊத்தினா கியாரண்டி போயிடும்னு உங்க ஆளுதானே எழுதி ஒட்டிட்டுப் போனான்! இப்ப ஊத்தட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"மண்ணை ஒரு நாள் அடுப்புல காயவைக்கணும். நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா? சரிதான். கன்னுங்ககிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க."

பஸ் நிறுத்தம் வரை போனவள் திரும்பி வந்தாள். வளையம் அடித்து மண் எடுத்த குழியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள். களிமண்ணில் ஈரம் போதுமான அளவு இருந்தால் நாடாபோல நீளும். இது உதிர்ந்தது.

"ஊத்துங்க," என்றாள். நிறுக்காமல் அவள் சொன்ன முதல் விடை அதுதான். அன்று மாலையே டிரைவர் கையால் நீர் விட்டார். மறுநாள் அடுப்பு 22.2 என்றது.

ஒன்பது கிராம் எங்கே போயிற்று? இரண்டு நாள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: "வாளி, 25 தட்டு." மண்ணைக் கொட்டியதும் வாளியின் பக்கவாட்டில் மரச்சுத்தியால் இருபத்தைந்து முறை தட்டுவாள். எந்த மண்ணுக்கும் ஒன்று அதிகமும் கிடையாது, ஒன்று குறைவும் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மணல் இருபத்தைந்து தட்டில் தோட்டத்து இறுக்கத்துக்கு வந்துவிடும். செம்மண்ணும் ஏறக்குறைய வந்துவிடும். உடைத்துச் சலித்த களிமண் வராது. தோட்டத்தில் நூறு கன சென்டிமீட்டருக்கு நூற்றைம்பது கிராம். அவள் வாளியில் நூற்றுப்பத்துதான். சென்சாரின் கம்பிகளைச் சுற்றி மண்ணைவிடக் காற்று அதிகம். அந்தப் பொலபொல மண்ணில் போட்ட அட்டவணையை இறுகிய நிலத்துக்கு அனுப்பினால் சென்சார் இருபத்திரண்டை முப்பத்தொன்று என்றுதான் சொல்லும்.

களிமண்ணை இரண்டு விரல் கனம் இரண்டு விரல் கனமாகப் போட்டு, நூற்றைம்பது வரும்வரை இடித்தாள். ஒன்பது நாள் ஆனது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. மார்ச் 22 அன்று புது அட்டவணையை மேலாளர் மேசையில் வைத்தாள்.

"களிமண் தோட்டம் மொத்தம் முப்பத்தாறு. எல்லாருக்கும் தப்புன்னு எழுதணுமா? பழசுல இருக்கறது உங்க கையெழுத்தும்மா."

"அதனாலதான் சார் எழுதச் சொல்றேன்."

"ஓய்வுபெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. சும்மா கிடக்கிற சங்கை ஊதுறீங்களே."

"முப்பத்தாறு தோட்டத்துல எது வாடிட்டிருக்குன்னு நமக்குத் தெரியாது சார்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு கையெழுத்திட்டார். முப்பத்தாறு உறைகளையும் அவளே ஒட்டினாள். குறிப்பேட்டில் எழுதினாள்: "பிழை என்னுடையது. களிமண்ணுக்குத் தட்டு எண்ணக் கூடாது. எடை பார்க்க வேண்டும்."

முப்பத்தைந்து பேரிடமிருந்து பதில் இல்லை. டிரைவர் மட்டும் ஒரு கடிதம் போட்டார். இருபத்து மூன்று கன்றுகள் போய்விட்டன, நூற்றுப்பதினேழு துளிர்விட்டிருக்கின்றன, இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன் என்று அதில் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பது. குறிப்பேட்டில் அதே பக்கத்தின் அடியில் கடிதம் வந்த தேதியைப் பதிந்தாள்: ஏப்ரல் 29.