மூணு ரோஸ், ஒரு பச்சை

போன வாரம் மருமகளோடு சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். அசல் ஆரணிப் பட்டு என்று கடைப் பையன் ஒரு சேலையை விரித்துப் போட்டான். எல்லோரும் முந்தானையைப் பார்த்தார்கள். நான் மட்டும் இடுப்பில் சொருகுகிற உள்முனையைத் தேடிப் பிடித்தேன். அங்கே ஒரு ஸ்டிக்கர்தான் இருந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனால் பசை வாசனை.

"இன்னா அத்தே, தலைகீழா பார்த்துகினு இருக்கீங்க?" என்றாள் மருமகள். சொல்ல ஆரம்பித்தால் கடையை மூடிவிடுவார்கள், வா என்று கூட்டிவந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் பொறுமை அதிகம்.

அந்தக் காலத்துப் புதுப் பட்டுக்கு ஒரு வாசனை உண்டு. மரியாதைக்கு வாசனை என்கிறேன், உண்மையில் சேற்று நாற்றம்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். காலையில் வாளியால் மொண்டு ஊற்றிவிட்டு, சேற்றில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். தேவிகாபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த என்னை, பட்டு நெய்கிற வீட்டில் குடுத்தோம் என்று என் அம்மா ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சேற்றை அவளுக்கு நான் காட்டியதே இல்லை.

பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி வீட்டிலிருந்து வரும். நெய்த சேலையை எடுத்துப் போய், அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு குறி இருந்தது. சேலை முடிகிற உள்முனையில் நாலு இழை வேறு நிறத்தில் ஓட்ட வேண்டும். எங்கள் முதலாளிக்கு மூணு ரோஸ், ஒரு பச்சை. அதைப் பார்த்தால் யார் வீட்டுச் சரக்கு என்று மெட்ராஸ் வியாபாரிக்குத் தெரிந்துவிடும். நெய்த கை யாருடையது என்று தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தோம். எதிர்வீட்டுச் சின்னத்தம்பி அண்ணன் தலைவர். மூக்குப்பொடி போடாமல் ஒரு முடிவும் எடுக்கமாட்டார். பாழடைந்து கிடந்த அரிசி மில் கொட்டகையைப் பிடித்து, இடுப்பளவு மண் கொட்டி மேடாக்கி, அதில் குழி வெட்டித் தறி போட்டோம். முதல் நாள் குழிக்குள் காலை விட்டேன். காய்ந்த மண் பாதத்தில் பட்டது. அழுதுவிட்டேன். கண்ணில் தூசு என்றேன், ஒருத்தரும் நம்பவில்லை.

முதலாளி சும்மா இருப்பாரா? போனவன் திரும்பி வந்தால் என் வாசல் திறக்காது என்று சொல்லியனுப்பினார். அது போதாதென்று, சங்கத்துக்காரர்கள் தன் பட்டைத் திருடி நெய்கிறார்கள் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார். மெட்ராஸில் அவரிடமே சரக்கு எடுக்கிற ஒரு வியாபாரி, எங்கள் முதல் சரக்கையும் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்தால் சங்கம் பிழைக்கும். வேண்டாம் என்றால் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பில் பூனை தூங்கும்.

தறிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சேலை. அந்த நாட்களின் வேகத்தை என்னவென்று சொல்ல! எங்களுக்கென்று சாயம் போட்ட பட்டு. எனக்கு மாம்பழ நிறம் கிடைத்தது. பக்கத்துத் தறியில் என் வீட்டுக்காரர். அவரை முந்த வேண்டுமென்று நெய்ததில் எத்தனை நாள் குழம்பு தீய்ந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்புகிற காலையில் அண்ணன் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். என் சேலையில் அவர் கை நின்றது. உள்முனையில் மூணு ரோஸ், ஒரு பச்சை.

எட்டு வருஷம் அதையே ஓட்டிய கை. சேலை முடிந்ததும் என்னைக் கேட்காமலே ஓட்டியிருக்கிறது. திருட்டுப் பட்டு என்று முதலாளி பரப்பிய பொய்க்கு நானே சாட்சி நெய்து வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "கெடுத்தியேடி" என்று மூன்று தடவை சொன்னார்.

அண்ணன் தன் சேலையைப் பிரித்தார். மூணு ரோஸ், ஒரு பச்சை. பிறகு ஒவ்வொருவராக அவரவர் சேலையைப் பிரித்தார்கள். பன்னிரண்டில் ஏழு! என்னைத் திட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சேலையிலும் அதே குறி. நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பயத்தில் பாதி, பைத்தியத்தில் பாதி.

இழையை உருவினால் அந்த இடம் பல் விழுந்த வாயாகத் தெரியும். வெட்டினால் அளவு குறையும். அண்ணன் ஒரு சிட்டிகை பொடி போட்டார். "ஒளிச்சாதாம்மா திருட்டு. நீயும் கூட வா. உனக்குத்தான் வாய் இருக்குது," என்றார். என் வாயை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

வியாபாரி கண்ணாடி போட்ட பெரியவர். சேலையைக் கையில் வாங்கியதும் நேராக உள்முனைக்குத்தான் போனார். ஊரில் பரவிய பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. இது உங்கள் முதலாளி குறியாச்சே, அவர் பட்டுதானா என்று கேட்டார்.

"கை பழக்கம்ங்க," என்றேன். "இந்த மாம்பழ கலர் அவர்கிட்ட எப்பவாவது வாங்கியிருக்கீங்களா?"

யோசித்தார். இல்லை என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, முதலாளி அனுப்பிய சேலைகளை அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னேன். நான் இடது கைக்காரி. என் குறி எப்போதும் இடது கரையிலிருந்துதான் தொடங்கும். அலமாரிச் சேலைகளில் இரண்டு என்னுடையவை. எடுத்து என் மாம்பழச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பச்சையைக் கொஞ்சம் தளர ஓட்டுவது அண்ணனின் கை. அவர் மூன்றைப் பொறுக்கி எடுத்தார். பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா இந்தக் குறியப் பார்த்துதாம்மா வாங்கிகினு இருந்தேன்," என்றார். "அப்போ நான் வாங்குனது உங்க கையத்தான்."

பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை உங்கள் குறியைப் போட்டு அனுப்புங்கள் என்றார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு வீடும் குழந்தை குட்டிகளோடு நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நான் கத்திய கத்தலில் கண்டக்டர் என்னைத் திட்டினார். திட்டிவிட்டுப் போகட்டும்.

சங்கத்துக்கு என்ன குறி என்பதில் பெரிய சண்டை. ஒரு நிறத்துக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் அவரவர் கைக்கு அவரவர் குறி என்று முடிவானது. எனக்கு ஒரு மஞ்சள், இரண்டு நீலம். என் வீட்டுக்காரருக்கு ஒற்றை ஊதா. அவர் அதிகம் யோசிக்கிற ஆளில்லை. எண்பதுகளில் தெருவே சங்கத்துக்கு வந்தது. ஓலைக்கூரை போய் ஓடு வந்தது. என் மகள் பெரிய பள்ளிக்கூடம் போனாள். அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் 'மஞ்சள் நீலம் போட்ட அம்மாவை இன்னும் நாலு நெய்யச் சொல்லுங்கள்' என்று மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்ததே, அதை அண்ணனை ஏழு தடவை படிக்க வைத்தேன்.

இப்போது குழியில் தண்ணீர் ஊறுவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவாரும் இல்லை. தொலைந்தது சனியன். ஆனால் குறியும் போய்விட்டது. எல்லாச் சேலைக்கும் ஒரே ஸ்டிக்கர், அதில் கடையின் பெயர். மறுபடியும் கை யாருடையது என்று தெரியாது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஆரணிச் சேலை இருந்தால் உள்முனையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு மஞ்சள், இரண்டு நீலம், இடது கரையிலிருந்து தொடங்கியிருந்தால் அது நான்தான். மடித்தே வைத்திருக்காதீர்கள். எடுத்துக் கட்டுங்கள்.