வாசலுக்கு வந்த ஆடு

சிறுவர் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில், மகள் வாங்கிவந்த புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தேன். தோல் வாசம். பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில், நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். மாலை வெயில் மஞ்சளாகச் சாயும்போது, ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் கலந்த வாடை தெருமுனையிலிருந்தே அவருக்கு முன்னால் நடந்து வரும். தம்பி மூக்கைப் பொத்துவான். உடனே வாசலில் அவர் குரல் கேட்கும்.

"ம்மே... குஜிலியம்பாறை ஆடு வந்திருக்கேன். அங்கிட்டுப் புல்லே இல்லம்மா, அம்புட்டும் கல்லு. செத்த நேரம் உள்ள வரட்டுமா?"

மறுநாள் அது நத்தத்து ஆடு. மாங்காய் தின்று பல் கூசுகிறது என்று புலம்பும். நாங்கள் சிரித்துக்கொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வோம். வாடை ஆட்டினுடையது, அத்தாவுடையது இல்லை.

ஒருநாள் பள்ளியில், பக்கத்தில் இருந்தவள் "உம்மேல தோல் வாடை அடிக்குதுடீ" என்று தள்ளி உட்கார்ந்தாள். அழுகை முட்டியது. "நான் வடமதுரை ஆடு, அப்படித்தான் அடிக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தபடி நெருங்கி வந்தாள்.

அத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் ஷாப்புக் கிணற்றிலேயே குளித்துவிட்டு, சோப்பு மணக்க வந்தார். வாசலில் ஆடு கூப்பிடவில்லை. அதன் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

என் கதைகளில் எப்படியாவது ஓர் ஆடு வந்து கதவைத் தட்டிவிடும். பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

பெட்டியை மூடாமலே பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதினேன்.

"செத்த நேரம் உள்ள வரட்டுமா?"