தொண்டையில் சிக்கிய ரம்புத்தான்

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மதுரையிலிருந்து தங்கை முதன்முறையாக வந்திருந்தாள். நான் உரித்து வைத்த ரம்புத்தான் ஒன்றை அவளுடைய மூன்று வயது மகள் அப்படியே விழுங்கிவிட்டாள். பழம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. அவளால் அழக்கூட முடியவில்லை; உதடு நீலமானது. தங்கை அலறினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்டி, “புள்ளைய குடு லா!” என்று பறித்தார். மடியில் குப்புறப் போட்டு முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். பழம் தெறித்து விழுந்தது. குழந்தை வீறிட்டாள்.

“அழட்டும்மா, நல்லா அழட்டும்” என்றார் ஆன்டி.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த ஊரில் எனக்கு யாருமில்லை என்றே நினைத்திருந்தேன்.

மாலையில் தங்கை ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள். “அக்காவுக்கு இங்க ஆளு இருக்கும்மா, நீ பயப்படாத” என்றாள். நான் ஆன்டியின் பெயரைக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.