கிணற்றடியில் ஸ்வீடன் இசைக்காரர்

எருமப்பட்டிக்கு முன்பாகவே எங்கள் கார் சூடாகி நின்றுவிடுகிறது. தண்ணீர் கேட்டுக் கிணற்றடிக்குப் போகிறோம். நான் துபாஷி, உடன் வரும் துரை ஸ்வீடன் தேசத்து இசையமைப்பாளர். அந்த நாட்டு ராஜாவே வந்து கேட்ட கச்சேரிகள் அவருடையவை. கடைசியாக எழுதியதற்கு மட்டும் சபையில் ஒருவரும் கை தட்டவில்லை. அன்றோடு எழுதுவதையே விட்டுவிட்டாராம்.

கருப்பண்ணன் என்ற குடியானவர் பாடிக்கொண்டே இரண்டு மாடுகளைக் கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைக்கிறார். பாட்டுக்கு மாடுகள் சரிவில் இறங்க, தோல்பறி தண்ணீரோடு மேலே வருகிறது. பாட்டு மாறியதும் மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேறுகின்றன.

துரை காரையே மறந்து கண்மூடிக் கேட்கிறார். அடுத்த முறை மாடுகள் கீழே போய் நின்றதும், கருப்பண்ணன் வாய் திறக்குமுன் துரையே பாடுகிறார். வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். என்ன பிடிப்பு! ஒரு சுழிப்பும் தப்பவில்லை.

மாடுகள் காதை ஆட்டிவிட்டுப் பின்னால் நடக்கின்றன.

"ஏனுங்க, என்ற தம்பி பாடுனாக்கூட இதுக அசையாதுங்க. தொரை பாட்டுக்கு நடக்குதுங்களே!" என்கிறார் கருப்பண்ணன்.

அதை அவருக்கு மொழிபெயர்க்கிறேன். துரை தொப்பியைக் கழற்றி, மேடையில் நிற்பவர்போல, இரண்டு மாடுகளுக்கும் குனிந்து வணங்குகிறார். நிமிர்ந்ததும் என் பேனாவைக் கேட்கிறார்.